சந்தையின் நாடி பிடிக்கும் கம்ப்யூட்டர்

சமூக ஊடகங்களில் கொட்டும் கோபதாபங்களை வைத்துப் பங்கு விலையைக் கணிக்க முடியுமா? எலெக்ட்ரானிக் சிட்டியின் முன்னணிக் கம்பெனிக்கு 2019ல் நேர்ந்தது அதற்கு ஒரு நல்ல பாடம்.

2019 அக்டோபர் 21, திங்கட்கிழமை. மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலை முன்னிட்டு மும்பைப் பங்குச் சந்தைகளுக்கு விடுமுறை. ஆனால் செல்போன்களுக்கு விடுமுறை இல்லை. பெங்களூரின் தெற்கு விளிம்பில், ஓசூர் சாலையை ஒட்டி இருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தலைமையகமாகக் கொண்ட இன்ஃபோசிஸ் பற்றிய ஒரு கடிதம் அன்று வெளிச்சத்துக்கு வந்தது. 'நெறி தவறாத ஊழியர்கள்' என்று தங்களைச் சொல்லிக்கொண்ட, பெயர் தெரியாத சிலர் செப்டம்பர் 20 தேதியிட்டு எழுதிய கடிதம் அது. லாபத்தைக் கூட்டிக் காட்டக் கணக்கில் கை வைக்கப்படுகிறது என்று தலைமை நிர்வாகி மீதும் நிதித் தலைவர் மீதும் அதில் புகார்.

நாள் முழுவதும் ட்விட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் அதே பேச்சு. இரவு நியூயார்க் சந்தையில் இன்ஃபோசிஸ் பங்கு சுமார் 12 சதவீதம் சரிந்தது. மறுநாள் காலை மும்பையில் மணி அடித்தபோதே விலை ஏறத்தாழ 10 சதவீதம் கீழே. மாலையில் 16 சதவீத வீழ்ச்சி. விலை 643 ரூபாய். ஒரே நாளில் கம்பெனியின் சந்தை மதிப்பில் சுமார் 53 ஆயிரம் கோடி ரூபாய் கரைந்துபோனது. 2013 ஏப்ரலுக்குப் பிறகு இன்ஃபோசிஸ் கண்ட மோசமான நாள் அது.

சமூக ஊடகப் பதிவுகளைப் படித்து விலையைச் சொல்லும் ஒரு கம்ப்யூட்டரிடம் அந்தத் திங்கட்கிழமை கேட்டிருந்தால், 'நாளை விழும்' என்று சந்தேகமில்லாமல் சொல்லியிருக்கும். கணிப்பும் பலித்திருக்கும். பலன்தான் இருந்திருக்காது. விற்க நினைத்தவருக்குச் சந்தை மூடிக்கிடந்தது. திறந்தபோது விலை ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தது. கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்த்த கதைதான்.

அதைவிட முக்கியமான கேள்வி, மக்களின் அன்றைய மனநிலை சரியானதா என்பது. கம்பெனியின் தணிக்கைக் குழு வெளி வல்லுநர்களைக் கொண்டு விசாரித்து, முறைகேட்டுக்கு ஆதாரம் இல்லை என்று 2020 ஜனவரி 10ல் அறிவித்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும் மார்ச்சில் தன் விசாரணையை முடித்துக்கொண்டது. 643 ரூபாய்க்கு விற்றுவிட்டு ஓடியவர்கள், அடுத்த பொங்கலுக்கு முன்பே அதே பங்கு 750 ரூபாயைத் தாண்டி நிற்பதைப் பார்த்தார்கள். பதிவுகளில் இருந்த பயம் நிஜம். பயத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டதற்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் முதலாவதை அளக்கும். இரண்டாவது அதன் வேலை அல்ல.

வார்த்தைக்கு மார்க்

மனநிலையை இயந்திரம் எப்படி அளக்கிறது? ஆரம்ப கால முறை எளிமையானது. நல்ல வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல், கெட்ட வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல். பதிவில் எது அதிகம் என்று எண்ணிப் பார்த்து மார்க் போடுவது. இதிலேயே ஒரு சங்கடம் இருந்தது. 'வரி', 'செலவு', 'கடன் பொறுப்பு' போன்ற சொற்கள் பொதுவான அகராதியில் கெட்ட பட்டியலில் இருக்கும். ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையிலோ அவை அன்றாடச் சொற்கள். அமெரிக்கப் பேராசிரியர்கள் டிம் லாஃப்ரன், பில் மெக்டொனால்ட் இருவரும் 2011ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான பட்டியலில் கெட்டவையாகக் குறிக்கப்பட்ட சொற்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசி, நிதி விஷயத்தில் கெட்டவையே அல்ல என்று காட்டினார்கள். பிறகு நிதித் துறைக்கென்று தனிப் பட்டியல்கள் வந்தன. இப்போது வாக்கியத்தை முழுதாகப் படித்து, முன்பின் பார்த்துப் பொருள் சொல்லும் மொழி மாதிரிகள் வந்துவிட்டன.

இந்தத் துறைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது 2010ல் வந்த ஓர் ஆய்வு. இண்டியானா பல்கலைக்கழகத்தின் யோஹான் போலனும் அவரது சகாக்களும் 2008ல் வந்த சுமார் 98 லட்சம் ட்விட்டர் பதிவுகளை அலசினார்கள். மக்கள் மனதில் 'அமைதி' எவ்வளவு இருக்கிறது என்ற அளவு, சில நாட்கள் கழித்து அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் குறியீட்டெண் ஏறுமா இறங்குமா என்பதைக் காட்டிக்கொடுக்கிறது என்றார்கள். துல்லியம் 86.7 சதவீதம் என்ற எண் உலகம் சுற்றியது. அந்த எண்ணின் பின்னால் இருந்த சோதனைக் காலம் பலர் கண்ணில் படவில்லை. 2008 டிசம்பரில் வெறும் 15 வர்த்தக நாட்கள். அதில் 13 நாள் சரி. அவ்வளவுதான்.

லண்டனில் டெர்வென்ட் கேபிடல் என்ற நிறுவனம் இதே அடிப்படையில் 2011ல் ஒரு முதலீட்டு நிதியே தொடங்கியது. அது நீடிக்கவில்லை. போலன் குழுவின் முடிவை மறுபடி செய்து பார்த்த மைக்கேல் லச்சான்ஸ்கி, ஸ்டீவன் பாவ் என்ற இருவர், அந்த முடிவு தங்களுக்குக் கிட்டவில்லை என்று 2017ல் எழுதினார்கள்.

ட்விட்டர் இல்லாத காலத்திலும் இன்ஃபோசிஸ் பங்கு விழுந்திருக்கிறது. 2003 ஏப்ரல் 10ல், வரும் ஆண்டின் வருமானம் எதிர்பார்த்த அளவு இருக்காது என்று கம்பெனி சொன்னதும் ஒரே நாளில் கால் பங்குக்கும் மேல் சரிவு. 2013 ஏப்ரல் 12ல் இதே போன்ற அறிவிப்புக்கு 21 சதவீதம் சரிவு. இரண்டு முறையும் சந்தையைச் சாய்த்தது யாரும் எதிர்பாராத ஒரு தகவல். எல்லோரும் எதிர்பார்த்திருந்தால் விலை முன்பே இறங்கியிருக்கும். ஊர் முழுக்கப் பேசிக்கொள்ளும் விஷயம் விலையில் ஏற்கெனவே ஏறிவிடுகிறது என்பதுதான் யூஜீன் ஃபாமாவின் புகழ்பெற்ற வாதம். மக்களின் ஆசையும் பீதியும் விலையை நியாயமான அளவிலிருந்து வெகுதூரம் இழுத்துச் செல்லும் என்பது ராபர்ட் ஷில்லரின் வாதம். 2013ல் பொருளாதார நோபல் பரிசை இருவருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

'நல்லா வருவே' என்றால்?

தமிழனின் கோபத்தைப் படிப்பது கம்ப்யூட்டருக்கு இன்னும் கஷ்டம். 'நல்லா வருவே' என்பது பாட்டி சொன்னால் வாழ்த்து. பங்குத் தரகரைப் பார்த்து, நஷ்டப்பட்டவர் சொன்னால் சாபம். 'இன்னிக்கு வெச்சு செஞ்சுட்டாங்க' என்ற வாக்கியத்தில் ஒரு கெட்ட சொல்கூட இல்லை. சொன்னவரோ பணத்தைப் பறிகொடுத்தவர். 'விழுந்துடுச்சு, அள்ளிக்கோ' என்பவர் வீழ்ச்சியில் மகிழ்கிறார். உணர்ச்சி ஒரு திசை, விலை ஒரு திசை.

போதாக்குறைக்கு, யாரும் ஒரே மொழியில் எழுதுவதில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்து புழங்கும் எலெக்ட்ரானிக் சிட்டியில் கேட்கவே வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் கலந்த எழுத்தில் உணர்ச்சியைக் கண்டறிய ஆய்வாளர்கள் 2020ல் ஒரு தரவுத் தொகுப்பை வெளியிட்டார்கள். யூட்யூபிலிருந்து திரட்டிய 15,744 கருத்துகள். நல்ல தொடக்கம். ஆனால் போலன் கையில் இருந்த 98 லட்சத்துக்குப் பக்கத்தில் இது கைப்பிடி அளவு.

விற்பனைக்கு மனநிலை

உண்மையான ஆபத்து, கம்ப்யூட்டர் தவறாகப் படிப்பதில் இல்லை. அது படிப்பதற்கென்றே சிலர் எழுதுவதில் இருக்கிறது.

2013 ஏப்ரல் 23ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கு களவாடப்பட்டு, வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்ததாகப் பொய்ச் செய்தி வந்தது. சில நிமிடங்களில் டௌ ஜோன்ஸ் 140 புள்ளிகளுக்கு மேல் சரிந்து, பொய் என்று தெரிந்ததும் மீண்டது. அந்த நிமிடங்களில் விற்றவர்களின் நஷ்டம் மீளவில்லை. இந்தியாவிலும் உதாரணம் உண்டு. 2018 செப்டம்பர் 28ல் இன்ஃபிபீம் அவென்யூஸ் என்ற குஜராத் கம்பெனியின் பங்கு ஒரே நாளில் சுமார் 70 சதவீதம் விழுந்தது. கம்பெனியின் கணக்குவழக்கைச் சந்தேகித்து வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு தகவலே அந்தப் பீதியைக் கிளப்பியது.

விலையை இறக்க மட்டுமல்ல, ஏற்றவும் இதே வித்தைதான். ஒரு சிறிய தொலைக்காட்சிக் கம்பெனியின் பங்கை யூட்யூப் வீடியோக்களில் பொய்ச் செய்தி சொல்லி ஏற்றிவிட்டு, ஏமாந்தவர்கள் தலையில் கட்டியதாக 2023 மார்ச்சில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. சாதனா பிராட்காஸ்ட் விவகாரம் என்று அது பேசப்பட்டது. பொய்ச் செய்திக்கு மனிதர்கள் ஏமாந்த மாதிரி, 'மக்கள் உற்சாகமாக இருக்கிறார்கள்' என்று மார்க் போடும் இயந்திரமும் ஏமாறும். கூலிக்கு வாங்கிய உற்சாகத்துக்கும் உள்ளத்தில் ஊறிய உற்சாகத்துக்கும் எழுத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

செபி சும்மா இருக்கவில்லை. பதிவு பெறாமல் பங்கு ஆலோசனை சொல்பவர்களோடு தரகு நிறுவனங்கள் போன்ற பதிவு பெற்ற அமைப்புகள் கூட்டு வைக்கக் கூடாது என்று 2024ல் தடை விதித்தது. பங்குச் சந்தைப் பாடம் நடத்துகிறோம் என்பவர்கள் கடைசி மூன்று மாத விலைகளைக் காட்டக் கூடாது என்று 2025 ஜனவரியில் சொன்னது. பெரிய கம்பெனிகள், தங்களைப் பற்றிய வதந்தியால் விலை குறிப்பிடத்தக்க அளவு நகர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் உண்டு அல்லது இல்லை என்று விளக்க வேண்டும் என்ற விதி, முதல் 100 கம்பெனிகளுக்கு 2024 ஜூனிலும், முதல் 250க்கு டிசம்பரிலும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது பத்திரிகை, டிவி, செய்தித் தளங்கள் போன்ற 'பிரதான ஊடகங்களில்' வரும் வதந்திக்குத்தான். வாட்ஸ்அப் குழுவிலும் டெலிகிராம் சேனலிலும் மட்டுமே சுற்றுகிற வதந்திக்குக் கம்பெனி பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

யாருக்கு லாபம்?

மனநிலைக் கணிப்பு முற்றிலும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. திடீரென்று ஒரு சின்னப் பங்கைப் பற்றி நூற்றுக்கணக்கான கணக்குகள் ஒரே குரலில் பாடினால், அங்கே ஏதோ புகைகிறது என்று கண்காணிப்பாளர்களுக்கு அது எச்சரிக்கை மணி அடிக்கும். பெரிய நிறுவனங்கள் இதைப் பல தகவல்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கின்றன. அவற்றின் கம்ப்யூட்டர்கள் சந்தையின் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே இருந்து, கண் இமைப்பதற்குள் வாங்கி விற்கின்றன. அதே பதிவை பஸ்ஸில் போகும்போது போனில் படிக்கிறவர் எப்போதுமே பந்தியில் கடைசி ஆள்.

இந்த வித்தியாசம் செபியின் கணக்கிலேயே தெரிகிறது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் அது சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அவர்கள் கையிலும் போன் இருந்தது, குழுக்கள் இருந்தன, நிமிடத்துக்கு நிமிடம் தகவலும் இருந்தது.

இன்ஃபோசிஸ் கடிதம் வெளிவந்த நாளில் ஒரு சாதாரண முதலீட்டாளர் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த கேள்விகள் இரண்டுதான். இதை யார் சொல்கிறார்கள்? ஆதாரம் என்ன? இரண்டுக்குமே அன்று பதில் இல்லை. பதில் வர எண்பது நாளாயிற்று. அந்த எண்பது நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க எந்த கம்ப்யூட்டரும் சொல்லித் தராது. அந்தப் பொறுமையை முதலீட்டாளர் தானேதான் பழக வேண்டும்.