வந்து திரும்புவோர் கணக்கு (தொடர் – 7)

சித்ரா பௌர்ணமியன்று காஞ்சி வரதர் ஐயங்கார்குளத்துக்கு எழுந்தருளி, தரைக்கடியில் அமைந்த நடவாவிக் கிணற்று மண்டபத்தில் வீற்றிருந்து, மீண்டும் தம் சந்நிதிக்குத் திரும்பும் யாத்திரையில், எந்த ஊரில் எந்த மண்டகப்படி, எவ்வேளையில் புறப்பாடு என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வழுவாமல் நடந்துவருகின்றன. அதே சித்திரையில் காஞ்சிபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களின் செங்கல் சூளைகளில் வேலை உச்சத்தில் இருக்கிறது. ஐப்பசி மழை ஓய்ந்தபின் ஒடிசாவிலிருந்து வந்திறங்கி, அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்பும் குடும்பங்களின் போக்கும் வரவும் மட்டும் எந்த ஊர்ப் பஞ்சாயத்தின் கணக்கிலும் ஏறுவதில்லை.

சூளையொன்றில் கல் அறுத்துக்கொண்டிருந்த ஒடிசாவின் பலாங்கீர்க்காரர் ஒருவர், தம் கைபேசியிலிருந்த, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டையை எனக்குக் காட்டினார். களிமண் காய்ந்து வெடித்திருந்த விரலால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அவர் காட்டிய அந்த அட்டையில் புகைப்படம் இருந்தது; 12 இலக்க எண் இருந்தது; சொந்த ஊர் விலாசமும், தொழில் விவசாயக் கூலி என்பதும் இருந்தன. மனைவியும் மூத்த மகனும் உடனிருக்க அவர் மூன்று பருவங்களாக இங்கே வந்து போகிறார் என்பதற்கு அதில் ஓரெழுத்தும் இல்லை.

நம்முடைய ஏடுகளெல்லாம் ஓரிடத்தில் இருப்பவனுக்காகவே வகுக்கப்பட்டவை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்ச் சாசனம், குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்குக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும் வேண்டுமென்று விதித்தது. சபைத் தேர்தலுக்கு அது அக்காலத்து நியாயமாகலாம். ஆயினும் மனையுள்ளவனே ஊரான் என்னும் அந்த எண்ணம் வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டையிலும் இன்றுவரை தொடர்கிறது. 2007–08இல் தேசிய மாதிரி ஆய்வு, வேலைக்காக ஒரு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் வெளியே தங்கியவர்களைத் தனியே எண்ணி, ஏறத்தாழ 1.36 கோடி என்று மதிப்பிட்டது. சூளைப் பருவமோ சில ஆண்டுகளில் ஆறு மாதத்தைத் தாண்டிவிடும். தாண்டினால் சூளைத் தொழிலாளி அந்தக் கணக்கிலும் சேரான்.

வந்து போவோரை ஒழுங்காகக் கண்காணிக்க இயலாது என்று கூறும் உத்தியோகஸ்தர்களுக்கு நம் சொந்தச் சரித்திரமே மறுமொழி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்க் கூலிகளின் கழுத்தில் தகர வில்லை ஒன்று தொங்கியது. தோட்டத்தின் பதிவெண் அதில் பொறித்திருக்கும். கங்காணி ஆள் சேர்த்து, தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாமிலும் பிற்காலத்தில் மண்டபம் முகாமிலும் அவர்களைக் கொண்டு சேர்க்க, அந்த வில்லையைக் கண்டே பிரயாணம் நடந்தது. செலவு முழுவதும் அந்தந்தத் தோட்டத்தின் பற்றில் ஏறியது. கம்பியூட்டரோ கைபேசியோ இல்லாத நாளில், லட்சக்கணக்கானவர்கள் எங்கே புறப்பட்டார்கள், எந்தத் துரையிடம் சேர்ந்தார்கள் என்பது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததற்குக் காரணம், அந்தக் கணக்கில் துரைக்குப் பணம் இருந்தது என்பதே. கூலியின் க்ஷேமம் அதில் ஒரு பத்தியாகக்கூட இடம்பெறவில்லை.

சுதந்திர இந்தியா கூலியின் பக்கம் நின்று ஓர் ஏட்டை வகுக்கத்தான் செய்தது. முன்பணம் பெற்று வெளிமாநிலம் செல்லும் ஒடிசாவின் ‘தாதன்’ கூலிகள் பட்ட துயரம் காரணமாகப் பிறந்த 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் தரவேண்டும், வேலையிடம், காலம், கூலி விகிதம், ஊர் திரும்பும் வழிச்செலவு, பிடித்தம் எல்லாம் அவன் தாய்மொழியிலும் அதில் எழுதப்பட வேண்டும் என்றது. ஆள் சேர்த்த 15 நாளுக்குள் இரு மாநிலங்களுக்கும் கான்ட்ராக்டர் விவரம் தெரிவிக்கவேண்டும் என்றும் சொன்னது. அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் தொழிலாளி ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இப்படிக் கணக்கில்லாதிருப்பதன் விலை என்னவென்று நம் ஜில்லாவுக்குத் தெரியும். 2014 ஜூன் 28ஆம் தேதி, காஞ்சிபுரம் ஜில்லா மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் பலர். இடிபாட்டினுள் எத்தனை பேர் என்று முதலில் எவராலும் திட்டமாகச் சொல்ல இயலவில்லை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பியவர்களுள் எத்தனை பேர் வழியில் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அத்தகைய விவரம் இல்லையென்றே மத்திய சர்க்கார் விடையளித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் கண்டித்து ஆணையிட்ட பின்னரே, ஆகஸ்ட் 26 அன்று இ-ஷ்ரம் பதிவு தொடங்கியது. முப்பது கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தது பெரிய காரியம்தான். ஆனால் ஒருமுறை பதிந்து நின்றுவிடும் பதிவு, வருஷந்தோறும் போய்த் திரும்புகிறவனைத் தொடர்ந்து செல்லாது.

ஆகவே வேண்டியவை மூன்று பதிவுகள்: புறப்படும் கிராமத்தில் ஒரு பதிவு, சேரும் பஞ்சாயத்தில் ஒரு பதிவு, திரும்பும்போது கூலிப் பாக்கி தீர்ந்ததா என்று மூன்றாவது பதிவு. மூன்றும் அந்த 12 இலக்க எண்ணிலேயே சேர்ந்து, தொழிலாளியின் கையில் சாட்சியமாக நிற்கவேண்டும். சூளைக்கு வருமுன் வாங்கிய முன்பணத் தொகையையும் அதில் எழுதிவிட்டால், பருவ முடிவில் கடன் இன்னும் தீரவில்லை என்று ஒரு குடும்பத்தை நிறுத்திவைப்பது அவ்வளவு எளிதாயிராது. ஒன்றுமட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: இவ்வேடு காவல் நிலையத்தில் இருக்கலாகாது. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்ச் செய்தி பரவியபோது எத்தனை பேர் அஞ்சி ரயிலேறினார்கள் என்பதை நாம் கண்டோம். அஞ்சுகிறவன் தன் மெய்யான விலாசத்தை எந்த ஏட்டிலும் எழுதமாட்டான். ஆகவே இதைத் தொழிலாளர் துறையும் பஞ்சாயத்துமே நடத்தவேண்டும். பதிவு செய்யும் இடத்திலேயே ரேஷன் அரிசியும், குழந்தைக்கு அங்கன்வாடியும், ஒடியா பேசத் தெரிந்த ஒருவரும் கிடைக்கவேண்டும்.

(தொடரும்)