இரண்டு வாரம் தாண்டும் இருமல்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலை ஊழியர்கள் பலர் வாடகை அறைகளில் கூட்டாகத் தங்குகின்றனர். காற்றில் பரவும் காசநோய் (டிபி) குறித்து அவர்களிடையே எழும் கேள்விகளுக்கு விளக்கம்:

சாலைப் புழுதியிலும் இருமல் வருகிறதே, எப்போது சந்தேகிப்பது?

இருமல் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால், காரணம் எதுவாகத் தோன்றினாலும், சளிப் பரிசோதனை அவசியம். மாலைநேரக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை, சளியில் ரத்தம் ஆகியவையும் அறிகுறிகள். தூக்கத்தில் வியர்ப்பதும் ஓர் அறிகுறிதான். இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குவோர் அதை வெக்கை என்று விட்டுவிடுவதுண்டு.

அறையில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வருமா?

வராது. கிருமி தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் அது நோயாகிறது. சர்க்கரை நோய், எச்ஐவி, புகைப்பழக்கம், சத்துக்குறைவு, சிலிக்கா தூசி ஆகியவை அபாயத்தைக் கூட்டும். தட்டு, டம்ளர், துண்டு வழியாகப் பரவாது. உடன் தங்கியவர்கள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு மருத்துவர் தடுப்பு மருந்து தரக்கூடும்.

செலவு எவ்வளவு? மருத்துவமனையில் தங்க வேண்டுமா?

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பரிசோதனை, மருந்து இரண்டும் இலவசம். வழக்கமான சிகிச்சை 6 மாதம். பெரும்பாலோர் தங்கத் தேவையில்லை. வீட்டுச் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சைக்கு இணையானதே என்பதை 1950-களில் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வுதான்.

மாதம் ரூ.1,000 ஊட்டச்சத்து உதவி யாருக்குக் கிடைக்கும்?

காசநோயாளிகளைப் பதிவுசெய்யும் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவான எல்லா நோயாளிகளுக்கும், தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோர் உட்பட, கிடைக்கும். ரூ.500 ஆக இருந்த இந்த ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பர் 1 முதல் இரட்டிப்பானது. தொகை நேரடியாக வங்கிக் கணக்கில் சேரும்.

விடுப்பு எடுத்தால் சம்பளம் போய்விடுமா?

அதிகம் குழப்புவது இதுதான். மாத ஊதியம் ரூ.21,000 வரை உள்ள இ.எஸ்.ஐ. காப்பீட்டாளர்களுக்கு, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் உண்டு. நீண்டகால நோய்ப் பட்டியலில் காசநோய் இருப்பதால், அதன்பின் 80 சதவீதம் என அதிகபட்சம் 2 ஆண்டு வரை பெறலாம். இதற்கு 2 ஆண்டு தொடர் காப்பீட்டுப் பணியும், முந்தைய 4 பங்களிப்புக் காலங்களில் 156 நாள் பங்களிப்பும் இருக்க வேண்டும்.

சிகிச்சையின் பாதியில் வெளிமாநிலச் சொந்த ஊருக்குப் போனால்?

மருந்தை நிறுத்தினால், அந்த மருந்துகளுக்கே கட்டுப்படாத காசநோயாக மாறக்கூடும். புறப்படும் முன் சிகிச்சை மையத்தில் தெரிவித்தால், நிக்ஷய் பதிவு சொந்த ஊர் மையத்துக்கு மாற்றப்படும். கட்டணமில்லா உதவி எண்: 1800-11-6666.