500 ரூபாய்க்கு யார் வாங்குவார்?

பிளேன்டீ ஆறுவதற்குள் இந்த மிளகில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். மாத்தளையில் உக்குவளைப் பக்கம் கிளிரிசிடியா மரத்தில் ஏறிய கொடியில் காய்த்தது. நாக்கு சுடுகிறதல்லவா? அந்தக் காரத்துக்குப் பெயர் பைப்பரின். மாத்தளை மிளகில் அது கொஞ்சம் தூக்கல்.

மிளகுக்குப் பேர்போன இந்தியா நம்மிடம் ஏன் வாங்க வேண்டும்? கேரளத்து ஆலைகள் மிளகிலிருந்து ஒலியோரெசின் எடுக்கின்றன. மிளகின் காரத்தையும் மணத்தையும் பிழிந்து, வற்றவைத்த விழுது என்று வையுங்கள். அதற்குக் காரம் கூடிய மிளகு வேண்டும். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் ஆண்டுக்கு 2,500 தொன் மிளகைத் தீர்வையில்லாமல் உள்ளே விடுகிறது.

2017 டிசம்பரில் டெல்லியிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது: கிலோ 500 இந்திய ரூபாய்க்குக் குறைந்த மிளகைத் தாராளமாக இறக்குமதி செய்ய முடியாது. அடுத்த மார்ச்சில் அந்த விலைக்குக் குறைந்த மிளகுக்கு முழுத் தடையே வந்தது. இந்த 500 ரூபாய் எல்லைக்குப் பெயர் குறைந்தபட்ச இறக்குமதி விலை.

எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். 'குறைந்தபட்ச விலை' என்றதும், இனி 500 கிடைக்கும் என்று மனம் குதிக்கிறது. நெல்லுக்கு உத்தரவாத விலை கேட்டுப் பழகிய காதல்லவா! ஆனால் நெல்லுக்கு அந்த விலை கொடுத்து வாங்க அரசாங்கம் வரும் (வரவேண்டும் என்றாவது எதிர்பார்க்கிறோம்). மிளகுக்கு அப்படி யாருமில்லை.

முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவில் வளையல் கடை போடப் போகிறோம் என்று வையுங்கள். வாசலில் நிற்பவர், "வளையல் நூறு ரூபாய்க்குக் குறைந்தால் உள்ளே விடமாட்டேன்" என்கிறார். உள்ளே அதே வளையல் எண்பதுக்கு விற்கிறது. நம்மிடம் யார் நூறு கொடுப்பார்? 500 என்பது நம் வருமானமல்ல, நம் முன்னே உயர்த்திய வாசற்படி. இந்தியச் சந்தையிலேயே அப்போது விலை அதற்குக் கீழேதான் இருந்தது.

வாசற்காரரான இந்தியாவிடமும் நியாயம் இருந்தது. மலிவான வியட்நாம் மிளகு, இலங்கையில் விளைந்தது என்ற சான்றிதழோடு தீர்வை தப்பி வருகிறதென்று குடகு, கேரள விவசாயிகள் முறையிட்டார்கள். யாரோ செய்ததாகச் சொன்ன தில்லுமுல்லுக்கு உக்குவளைக் கொடியும் சேர்ந்து அடி வாங்கியது.

பிறகு, பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கு மட்டும் அந்த விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். ஒலியோரெசின் எடுப்பவர்களும் அதில் அடக்கம். நீங்கள் கடித்த மிளகின் காரம் அவர்களுக்கு வேண்டியிருந்தது.