மடி ஆசனமாகாது

கோயில் திருவிழா, கொண்டாட்டம் என்றால் ஐவருக்கான காரில் எழுவர் இறங்குவதையும், கைக்குழந்தை தாய்மடியில் வருவதையும் நாம் இலண்டனில் காண்கின்றோம். பிரித்தானியச் சட்டம் இதனை ஏற்பதில்லை. 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், எது முந்துகின்றதோ அதுவரை, பிள்ளைக்குரிய ஆசனம் வேண்டும்; 2006 செப்டெம்பர் முதல் உள்ள விதி இது. 14 வயதுக்குட்பட்டோர் பட்டியின்றிச் சென்றால் பொறுப்பாளி சாரதியே. அதாவது, வாகனமற்ற குடும்பத்தை இரக்கப்பட்டு ஏற்றிவந்த நண்பரே 500 பவுண் வரை தண்டம் கட்ட நேரலாம்! தண்டம் கிடக்கட்டும், மணிக்கு 30 மைல் வேகத்தில் மோதுகையில் பத்துக் கிலோக் குழந்தையை எந்தத் தாயின் கரமும் பற்றிவைக்க இயலாது. வாடகைக் காரில் உரிய ஆசனம் இல்லையெனில் பின்னிருக்கையில் விலக்குண்டு. பின்னோக்கிய குழந்தை ஆசனத்தைக் காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் பொருத்தலாகாது. பழைய ஆசனம் வாங்குவோர், அது விபத்தில் அகப்பட்டதா என முதலில் விசாரித்தறிக.