சென்னையில் பிறந்தவர் அமீரகத்துக்கு ஆடுவது எப்படி?

"சென்னையில பொறந்த பையன் எப்படிண்ணா துபாய் டீமுக்கு ஆட முடியும்?"

தேசூரில் தறியிலிருந்து எழுந்து டீக்கு வந்த ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவர் செல்போனில் ஓடிக்கொண்டிருந்தது, அமீரக அணியின் கார்த்திக் மெய்யப்பன் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்த ஹாட்ரிக். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் உலகக் கிரிக்கெட் எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், அந்த மூன்று பந்துகளின் எடை கூடும். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த ஓவர். 2022 அக்டோபர் 18, ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரம், டி20 உலகக் கோப்பையின் முதல் சுற்று. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிரே இலங்கை. ஐந்து வாரத்துக்கு முன்புதான் துபாயில் ஆசியக் கோப்பையைத் தூக்கிய அணி. ஆனால் இரண்டு நாள் முன்பு நமீபியாவிடம் 55 ரன்னில் தோற்றிருந்ததால், இந்த ஆட்டத்தை விட்டுவிடக்கூடாத நெருக்கடியில் இருந்தது. 15-ஆவது ஓவரில் இலங்கை 2 விக்கெட்டுக்கு 117. பந்து, சில நாள் முன்பு 22 வயது முடிந்த லெக் ஸ்பின்னர் கார்த்திக் கையில். நான்காவது பந்தில் பானுக ராஜபக்ச தூக்கி அடித்து, காஷிஃப் தாவூதிடம் கேட்ச் ஆனார். அடுத்த பந்தில் சரித் அசலங்கவின் மட்டை விளிம்பில் பட்டு, பந்து விக்கெட் கீப்பர் விரித்யா அரவிந்தின் கையுறைக்குள் போனது. இந்த விரித்யாவும் சென்னையில் பிறந்தவர்தான். கடைசிப் பந்துக்குக் கேப்டன் தசுன் ஷனக வந்தார். கார்த்திக் கூக்ளி போட்டார். லெக் ஸ்பின் பந்து வலக்கை ஆட்டக்காரரின் கால் பக்கத்திலிருந்து வெளியே திரும்பும். கூக்ளி அதே கைவீச்சில் வந்து எதிர்ப்பக்கம் திரும்பும். ஷனக வெளியே போகும் என்று ஆடினார். அது உள்ளே வந்து ஸ்டம்பைத் தட்டியது. 117-க்கு 5.

ஆண்கள் டி20 உலகக் கோப்பையில் அது ஐந்தாவது ஹாட்ரிக். அதற்கு முன் 2007-இல் பிரெட் லீ, 2021-இல் கர்டிஸ் கேம்ஃபர், வனிந்து ஹசரங்க, ககிசோ ரபாடா எடுத்திருந்தார்கள். நால்வருமே சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி-யின் முழு உறுப்பு நாடுகளைச் சேர்ந்தவர்கள். இணை உறுப்பு நாட்டிலிருந்து அந்த வரிசைக்கு வந்த முதல் ஆள் கார்த்திக் மெய்யப்பன். நான்கு ஓவரில் 19 ரன், 3 விக்கெட்.

ஆனால் அந்த ஆட்டத்தில் அவருடைய அணி தோற்றது. இலங்கையின் 152-ஐத் துரத்திய அமீரகம் 73 ரன்னில் சுருண்டது. வளரும் அணியின் வீரருடைய வாழ்க்கை எப்படிப்பட்டது என்று கேட்டால் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்வேன். உலகமே திரும்பிப் பார்க்கும் ஓர் ஓவர், அன்றே 79 ரன் தோல்வி.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். ஒரு நாட்டுக்காக ஆட, அந்த நாட்டில் பிறந்திருக்கலாம், அந்த நாட்டுக் குடியுரிமை இருக்கலாம், இல்லையென்றால் மூன்று ஆண்டு அங்கே தொடர்ந்து வசித்திருக்கலாம். ஐசிசி-யின் விதி அவ்வளவுதான். அமீரகத்தில் பிழைக்கப் போனவர்களுக்குக் குடியுரிமை கிடைப்பது அரிது. ஆனால் வசிப்பிட விதி இருப்பதால் அங்கே வளரும் பிள்ளைகள் அந்த நாட்டுச் சட்டை போட முடிகிறது. கார்த்திக் பள்ளி வயதிலேயே குடும்பத்தோடு அங்கே போனவர். கிரிக்கெட்டில் அவர் வளர்ந்ததெல்லாம் அந்த மண்ணில்தான். இங்கே இடம் கிடைக்காமல் அங்கே ஓடினார் என்று சிலர் பேசுவது சரியல்ல. அவர் ஆடுவது தான் வளர்ந்த ஊருக்காக.

அமீரக அணியின் வரலாறே பிழைக்கப் போனவர்களின் வரலாறு. 1994-இல் கென்யாவில் நடந்த ஐசிசி கோப்பையை வென்று 1996 உலகக் கோப்பைக்கு வந்தது அந்த அணி. கேப்டன் சுல்தான் சர்வானி அந்நாட்டு மண்ணின் மைந்தர்; அணியில் பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பின்னாளில் கேப்டனான குர்ரம் கான் எமிரேட்ஸ் விமானத்தில் பணியாளர். பறந்துவிட்டு வந்து பயிற்சி, பயிற்சி முடித்து மறுபடி பறப்பு. 2014 நவம்பரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 132 அடித்தபோது அவருக்கு வயது 43. ஒருநாள் போட்டியில் சதம் அடித்தவர்களில் மூத்தவர் என்ற பெயர் அன்று அவருக்கு வந்தது.

இந்த அடுக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2025 கணக்குப்படி ஐசிசி-யில் 110 நாடுகள். அதில் 12 மட்டும் முழு உறுப்பினர். டெஸ்ட் ஆடும் உரிமை அவர்களுக்கே. மீதி 98 நாடுகள் இணை உறுப்பினர். 2019 ஜனவரி முதல் எல்லா நாட்டு ஆண்கள் அணிகளின் டி20 ஆட்டங்களுக்கும் சர்வதேச அந்தஸ்து உண்டு. ஒருநாள் போட்டிக்கு அப்படியில்லை. இணை நாடுகளில் எட்டுக்கு மட்டுமே இப்போது அந்த அந்தஸ்து, அதையும் ஆடித்தான் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த எட்டும் மோதும் களத்துக்கு உலகக் கோப்பை லீக் 2 என்று பெயர். ஒவ்வோர் அணிக்கும் 36 ஆட்டம், சில ஆண்டுகளில் பரப்பி வைத்திருப்பார்கள். மூன்று அணிகள் ஓர் ஊரில் கூடி ஆடிவிட்டுப் பிரியும். காட்மாண்டு, விண்ட்ஹோக், அபர்டீன், ஓமானின் அல் அமராத் என்று ஊர் மாறும். நேபாளத்தில் கூட்டம் மரத்தின் மேலெல்லாம் ஏறி நிற்கும். மற்ற பல ஊர்களில் மைதானம் ஏறக்குறைய காலி. 2019-இல் தொடங்கிய சுற்றில் ஏழு அணிகள் இருந்தன. அதில் அமீரகம் ஆறாவதாக முடிந்து, 2023-இல் நமீபியாவில் நடந்த பிளே-ஆஃபில் ஆடித்தான் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குள் நுழைந்தது. அந்தப் பிளே-ஆஃபின் முடிவில் கனடாவுக்கு ஒருநாள் அந்தஸ்து கிடைத்தது, பப்புவா நியூ கினிக்கு அது போனது. சில நாள் ஆட்டத்தில் ஒரு நாட்டின் அடுத்த சில ஆண்டுகளே முடிவாகின்றன. இந்தியா ஒரு தொடரில் தோற்றால் பேச்சு வாங்கும். அடுத்த தொடர் காத்திருக்கும். இவர்கள் தோற்றால் அடுத்த தொடரே இல்லாமல் போகலாம்.

கார்த்திக்கின் ஒருநாள் அறிமுகம் 2019 டிசம்பரில் ஷார்ஜாவில், அமெரிக்காவுக்கு எதிராக. அந்த நேரத்தில் அமீரக அணி ஊழல் தடுப்பு விசாரணையில் மூத்த வீரர்கள் சிலரை இழந்திருந்தது. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளை வைத்துத்தான் அணியைக் கட்டியாக வேண்டும் என்ற நிலை. கட்டும் பொறுப்புக்கு 2020-இல் வந்தவர் ராபின் சிங். டிரினிடாடில் பிறந்து, படிக்க மதராஸ் வந்து, 1987-88 ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியில் ஆடி, இந்தியாவுக்காக 136 ஒருநாள் போட்டி ஆடியவர். பிறந்த நாடு ஒன்று, ஆடிய நாடு வேறு என்ற வாழ்க்கையை அவரே வாழ்ந்தவர்.

தறிக்காரர் மொழியில் சொன்னால், பட்டுச்சேலையைக் கடையில் விரித்ததும் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது முந்தானையை. உடலை நெய்த நாட்களை நெய்தவர்தான் அறிவார். ஜீலாங் ஓவர் முந்தானை. இந்த லீக் 2 ஆட்டங்கள் உடல்.

உடல் நெய்யும் நாட்களுக்குக் கூலி எவ்வளவு என்று தேசூரில் கேட்காமல் விடமாட்டார்கள். 2024 முதல் 2027 வரையிலான ஐசிசி வருமானத்தில் இந்திய வாரியத்துக்கு மட்டும் சுமார் 38 விழுக்காடு என்றும், இணை நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து சுமார் 11 விழுக்காடு என்றும் செய்திகள் வந்தன. அந்த 11-ஐத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் பிரித்துக்கொள்ள வேண்டும். பல நாடுகளில் வீரருக்கு முழுநேரச் சம்பளம் கிடையாது. அமீரக வாரியமே 2020 டிசம்பரில் பத்து வீரர்களுக்குக் கொடுத்தது ஓராண்டுப் பகுதிநேர ஒப்பந்தம். படிப்பு ஒரு பக்கம், நாட்டுக்கான ஆட்டம் ஒரு பக்கம். 2023 ஜனவரியில் அமீரகத்தின் ஐஎல்டி20 லீக் தொடங்கிய பிறகு அங்கே நிலைமை கொஞ்சம் மாறியது. ஒவ்வோர் அணியும் அமீரக வீரர்களைக் களத்தில் இறக்கியாக வேண்டும் என்ற விதியால், உலகின் பெரிய ஆட்டக்காரர்களோடு ஒரே அறையில் உட்காரும் வாய்ப்பு உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

இதே பாதையில் நடந்தவர்கள் இன்னும் பலர். கொழும்பில் பிறந்த சஞ்சயன் துரைசிங்கம் 2003 உலகக் கோப்பையில் கனடாவுக்காகப் பந்து வீசினார். மும்பையின் சௌரப் நேத்ரவால்கர் 2010-இல் இந்திய 19 வயதுக்குட்பட்டோர் அணியில் உலகக் கோப்பை ஆடியவர். படிக்க அமெரிக்கா போய், ஆரக்கிள் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே, 2024 ஜூனில் டல்லஸில் பாகிஸ்தானைச் சூப்பர் ஓவரில் வீழ்த்திய பந்துகளை வீசினார். இவர்களை இந்தியா தவறவிட்டது, இலங்கை தவறவிட்டது என்று கணக்குப் பார்ப்பது வீண். அவர்களால் கிரிக்கெட் இன்னொரு நாட்டில் வேர்பிடித்தது.

வேர்பிடித்ததற்குச் சாட்சியும் உண்டு. ஹாட்ரிக் ஆட்டம் முடிந்து இரண்டாம் நாள், அதே ஜீலாங்கில் அமீரகம் நமீபியாவை 7 ரன்னில் வென்றது. டி20 உலகக் கோப்பையில் அந்த நாட்டின் முதல் வெற்றி அது. 2023 ஆகஸ்டில் துபாயில் நியூசிலாந்தை 7 விக்கெட்டில் சாய்த்தது. 2025 மே மாதம் ஷார்ஜாவில் வங்கதேசத்திடமிருந்து டி20 தொடரையே 2-1 எனப் பறித்தது. அதில் ஓர் ஆட்டத்தில் துரத்திப் பிடித்த இலக்கு 206. அந்த ஆண்டே 2026 டி20 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றது.

"அப்ப நானும் துபாய் போயிட்டா மூணு வருஷத்துல ஆடிரலாமாண்ணா?" என்று அடுத்த கேள்வி வந்தது. விதி தடுக்காது தம்பி. ஆனால் வேலைக்குப் போன இடத்தில் ஷிஃப்ட் முடித்து லீக் ஆட்டம் தேடி, டென்னிஸ் பந்தில் பழகிய கையை லெதர் பந்துக்கு மாற்றி, அங்கேயே பத்து வயதிலிருந்து பயிற்சி பெற்று வரும் பிள்ளைகளோடு மோத வேண்டும். சின்ன அணி என்றால் சுலபமான இடம் என்று பொருளில்லை. அங்கேயும் பதினோரு பேர்தான். அங்கே குறைவாகக் கிடைப்பது ஆட்டங்களும் பணமும். பந்து அதே பந்து, ஷனகவும் அதே ஷனகதான்.

என் ஆதங்கம் ஒன்றுண்டு. தமிழ்ப் பெயர் ஒன்று செய்தியில் வந்தால் ஒரு நாள் கொண்டாடிவிட்டு மறந்துவிடுகிறோம். ஒரு வீரரை வளர்ப்பது தொடர்ந்து கிடைக்கும் ஆட்டம். ஆட்டம் தொடர்ந்து கிடைக்க, அதைப் பார்க்க ஆள் வேண்டும். நேபாளத்துக்கு இன்று ஒருநாள் அந்தஸ்து இருப்பதில் அந்த மரத்தின் மேல் ஏறி நின்ற கூட்டத்துக்கும் பங்கு உண்டு. ஐபிஎல் இல்லாத ஒரு மத்தியானத்தில் அமீரகமோ ஓமானோ கனடாவோ ஆடும் லீக் 2 ஆட்டத்தின் ஸ்கோரையாவது திறந்து பாருங்கள். எந்த ஓவரில் யார் எதைக் காப்பாற்றப் போராடுகிறார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். அது தெரிந்தவருக்கு அந்த ஆட்டத்தில் சாதாரணப் பந்து என்று ஒன்று இருக்காது.