தொல்லுட்கரு உயிரிகள்: ஒரு பெயரும் இரு பெரும்பிரிவுகளும்

உட்கருச் சவ்வு அற்ற செல்களைக் கொண்டவை தொல்லுட்கரு உயிரிகள் (புரோகேரியோட்டுகள்) எனப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஒரு செல் உயிரிகள். இவற்றின் டி.என்.ஏ. பொதுவாக வட்ட வடிவில் சைட்டோபிளாசத்திலேயே அமைந்துள்ளது. ரைபோசோம்கள் 70எஸ் வகையின. இனப்பெருக்கம் பெரும்பாலும் இருசமப் பிளவு முறையில் நிகழ்கிறது.

1962ஆம் ஆண்டில் ஸ்டேனியர், வான் நீல் ஆகியோர் இத்தகைய செல்லமைப்பின் அடிப்படையில் பாக்டீரியத்தை வரையறுத்தனர். எனினும், ஓர் உறுப்பின் இன்மை மட்டுமே உயிரிகளின் உறவுமுறைக்குச் சான்றாகாது. 1977இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆகியோர் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, மீத்தேன் உருவாக்கும் நுண்ணுயிரிகள் பாக்டீரியங்களினின்று அடிப்படையில் வேறுபட்டவை என நிறுவினர். 1990இல் வோஸ், காண்ட்லர், வீலிஸ் ஆகிய மூவரும் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என மூன்று பெரும்பிரிவுகளை முன்மொழிந்தனர்.

இவ்வேறுபாடு பெயரளவினது அன்று. பெரும்பாலான பாக்டீரியங்களின் செல்சுவரில் உள்ள பெப்டிடோகிளைக்கான் ஆர்க்கியாவில் இல்லை. ஆதலின் அதன் உருவாக்கத்தைத் தடுக்கும் பெனிசிலின் ஆர்க்கியாவைப் பாதிப்பதில்லை. சவ்வுக் கொழுப்புகளில் பாக்டீரியா எஸ்டர் பிணைப்பையும், ஆர்க்கியா ஈதர் பிணைப்பையும் கொண்டுள்ளன. ஆர்க்கியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதியோ மெய்யுட்கரு உயிரிகளின் நொதியை ஒத்துள்ளது.

வாழிடங்களும் பலவாகும். வெந்நீர் ஊற்றுகள், உப்பளங்கள் ஆகியவற்றில் மட்டுமன்றி, நீர் தேங்கிய நெல்வயல்களிலும் மாட்டின் இரைப்பையிலும் ஆர்க்கியா வாழ்கின்றன.

ஆகவே, ‘தொல்லுட்கரு உயிரி’ என்னும் கலைச்சொல் செல்லமைப்பின் நிலையைச் சுட்டுவதேயன்றி ஒரே மரபுவழியைச் சுட்டுவதன்று. அதிலுள்ள ‘தொல்’ என்னும் அடைமொழி, இன்று வாழும் பாக்டீரியங்களைப் பரிணாம வளர்ச்சியற்ற பழைய உயிரிகளாகக் கருதச் செய்துவிடலாகாது. பாடநூல்களும் கலைச்சொல் அகராதிகளும் இவ்விரு தெளிவுகளையும் உடன் வழங்குதல் இன்றியமையாதது.