அந்தச் சின்னக் கைக்குச் சில்லறை போதுமா?

கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகிறீர்கள். காமாட்சியம்மனையும் வரதராஜப் பெருமாளையும் தரிசித்துவிட்டு, ஜவுளிப் பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு சின்னக் கை உங்கள் முழங்கையைத் தொடுகிறது. பத்து வயசு இருக்கும். சிக்குப் பிடித்த தலை, விரல் இடுக்கெல்லாம் சொறி. என்ன செய்வீர்கள்? சில்லறையைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். நாமெல்லாரும் அதைத்தானே செய்கிறோம்!

அந்தப் பையன் எதற்காக வீட்டை விட்டு ஓடி வந்தான்? காஞ்சிபுரத்தில் இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள ஒரு துணை ஆள். அந்தத் துணை ஆள் பல காலம் சின்னப் பிள்ளையாகவே இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் விரிவாகவே எழுதியது. உள்ளூர்த் தொண்டு நிறுவனமான 'ரைடு' அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தனி வகுப்புகளில் சேர்த்து, பிறகு பள்ளிக்கு அனுப்பியது. 2016-ல் சட்டமும் இறுகியது. ஆனால் கடன், குடிகார அப்பா, அடி, உதை... இவை எந்த ஊரில்தான் இல்லை? ஓடுகிற பையன் ரயிலேறினால் பெரும்பாலும் சென்னையில்தான் இறங்குவான்.

அங்கே 1985-ல் தொடங்கியது டான் பாஸ்கோ அன்பு இல்லம். நடத்துகிறவர்கள் சலேசிய சபைத் துறவிகள். அந்தச் சபையை நிறுவிய ஜான் போஸ்கோ (1815-1888), இத்தாலியின் டூரின் நகரில் பிழைப்புத் தேடி வந்து தெருவில் அலைந்த பையன்களைச் சேர்த்து வளர்த்தவர். அவர் சபையார் இந்தியாவுக்கு வந்தது 1906-ல். முதலில் கால் வைத்தது நம் தஞ்சாவூரில்! அடிக்காதே, அவமானப்படுத்தாதே, கூடவே இரு. அவர் முறையே இவ்வளவுதான்.

கேட்க சுலபம். செய்து பாருங்கள், தெரியும். தெருவில் வளர்ந்த பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வந்தால் மறுநாளே ஓடிவிடும். அதனால்தான் இந்தப் பணியில் இருப்பவர்கள் முதலில் பிளாட்பாரத்துக்கே போய்ப் பழகுகிறார்கள். குளிக்க, விளையாட, காயத்துக்கு மருந்து போட ஓர் இடம் காட்டுகிறார்கள். படிப்பெல்லாம் அப்புறம்தான்.

வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பாதி இட்லியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும் பிள்ளைகள் உண்டு. அது திருட்டுப் புத்தி இல்லை. நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். திட்டினால் பயம் கூடும். வேளா வேளைக்குச் சாப்பாடு கிடைத்துக்கொண்டே இருந்தால் தானாகக் குறையும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் ஊற்றி முகர்கிற பழக்கம் இதைவிட ஆபத்து. பசியும் குளிரும் தெரியாமல் இருக்கவே பல பிள்ளைகள் முகர்கிறார்கள். அதிலுள்ள டொலுவீன் போன்ற ரசாயனங்கள் மூளையையும் நரம்பையும் கெடுக்கும். இதயத்துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று உயிரே போகலாம். சொறிக்கும் ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து தடவினால் போதாது. கூடப் படுக்கிற அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தடவ வேண்டும்.

"கிறிஸ்தவர்கள் நடத்தும் இல்லமாச்சே, மதம் மாற்றிவிட மாட்டார்களா?" என்று சில வீடுகளில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிள்ளை எங்கே வளர வேண்டும் என்பதை எந்த இல்லமும் தன்னிஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. 2015-ம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டப்படி, கண்டெடுத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தியாக வேண்டும். வீட்டுக்கே திருப்பி அனுப்ப முடியுமா என்றுதான் குழு முதலில் பார்க்கும்.

சரி, பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். 1098-க்குப் போன் போடுங்கள். 1996-ல் மும்பையில் பிறந்த எண் இது. காசு கிடையாது, ராத்திரியானாலும் எடுப்பார்கள். அவர்கள் வரும்வரை ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். பேர் கேளுங்கள். 'ஏண்டா ஓடி வந்தே?' என்று மட்டும் கேட்காதீர்கள். போட்டோ எடுக்க வேண்டாம். பாவப்பட்டு உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகவும் வேண்டாம்.

பஸ் போய்விடுமே என்கிறீர்களா? போகட்டும், சென்னைக்கு அடுத்த வண்டி கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.